எலும்பில் ஏறிய சுமை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியுமுன்பே ஏலம் களைகட்டிவிடும். விசைப்படகிலிருந்து இறங்கும் மீன் கூடையைத் தலைக்கு ஏற்றுவதற்கு முன்னால், பழைய துணி ஒன்றை முறுக்கிச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துக்கொள்கிறார்கள். சும்மாடு. கூடை ஏறியதும் கழுத்து விறைத்து நிமிர்கிறது, தாடை சற்றே உள்வாங்குகிறது, கண் நேர்கோட்டில் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, ஈரத் தரையில் குந்தியபடி, அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறார் இன்னொரு பெண். வெயில் ஏறி மீன் தீரும்வரை அந்தக் குந்தல் கலையாது.

இந்த இருவரின் வேலையையும் யார் எழுதி வைக்கிறார்களோ இல்லையோ, அவர்களுடைய எலும்பு எழுதி வைக்கிறது. ஒருவருக்குக் கழுத்து முள்ளெலும்புகளின் விளிம்பில். இன்னொருவருக்குக் கணுக்காலின் முன்புறத்தில். இந்த எழுத்தைப் படிப்பதற்காகவே வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்த மானிடவியலாளர் ஒருவர் இருந்தார். கென்னத் கென்னடி என்ற அந்த அமெரிக்கர் படித்த எலும்புகளில் பெரும்பாலானவை இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்தவை. தமிழ்நாட்டுப் பெருங்கற்காலத் தாழிகளில் இருந்தவையும் அவற்றில் அடக்கம்.

அவரிடம் போவதற்கு முன் இராயபுரம் கடற்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். 1952 ஆகஸ்ட் மாதக் கடைசியில், இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் மானாமதுரையை அடைந்தபோது, அதிலிருந்த டிரங்குப் பெட்டி ஒன்றில் தலையில்லாத உடல் இருந்தது. தலை இராயபுரத்து மணலில் புதைக்கப்பட்டுப் பிறகு கண்டெடுக்கப்பட்டது. கொலை நடந்த வீடு இருந்த தெருவுக்குப் பெயர் செமட்ரி ரோடு. கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். ஆளவந்தார் கொலை வழக்கு என்று சென்னை இன்றும் பேசுகிற அந்த வழக்கில் முதல் கேள்வியே, தலையும் உடலும் ஒரே ஆளுடையவையா என்பதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் சேர்த்து ஆராய்ந்து ஒரே மனிதர்தான் என்றார். இறந்தவர் முன்னாள் ராணுவத்தினர் என்பதால் விரல்ரேகைக்கும் பழைய பதிவு இருந்தது. வழக்கு நின்றது, தண்டனையும் கிடைத்தது.

நீதிமன்றம் எலும்பிடம் கேட்பது எப்போதும் அந்த ஒரே கேள்விதான்: நீ யார்? அதற்கு விடை தேட வழிகள் உண்டு. ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பு. வயதுக்கு, எலும்பு முனைகள் ஒட்டிக்கொண்ட கணக்கு. நெஞ்செலும்பைத் தொடும் காறை எலும்பின் உள்முனைதான் உடம்பிலேயே கடைசியாக ஒட்டுகிற இடங்களில் ஒன்று. இருபதுகளின் பிற்பகுதிவரைகூட இழுத்தடிக்கும். அதற்கு மேல் வயதானால், இடுப்பெலும்புகள் முன்னால் சந்திக்கும் மூட்டின் பரப்பு தேய்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். உயரத்துக்குத் தொடை எலும்பின் நீளம். வெட்டுப்பட்ட கழுத்து என்றால், மேலே உள்ள முள்ளெலும்பும் கீழே உள்ளதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்ப்பார்கள். தச்சர் பலகை பொருத்துவது மாதிரிதான்.

நீதிமன்றத்துக்கு வெளியே, அருங்காட்சியகத்தில், நூறு வருடமாக எலும்பிடம் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. நீ எந்த இனம்?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருப்பவர்களின் தலையையும் மூக்கையும் காலிப்பரால் அளந்து அளந்து சாதிவாரியாக அட்டவணை போட்டார். செத்தவர்களும் தப்பவில்லை. ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மானியர் 1876இல் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். தாது வருடப் பஞ்சம் தொடங்கிய அதே வருடம் அது. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்க, ஜனங்கள் எலும்பும் தோலுமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். புதிய எலும்புகளை யாரும் ஆராயவில்லை. பழைய எலும்புகளுக்குத்தான் மவுசு.

பிறகு அலெக்சாண்டர் ரே அதே ஆதிச்சநல்லூரைத் தோண்டியதில் கிடைத்த மண்டையோடுகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1930இல் அவற்றைப் பற்றி ஆய்வறிக்கை எழுதியவர் சோலி சக்கர்மேன். பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரானவர். அன்று இருபத்தைந்து இருபத்தாறு வயது இளைஞர். கைக்கு வந்ததோ ஒருசில மண்டையோடுகள். ஆனாலும் அந்த ஒருசிலவற்றைச் சுற்றி, தமிழர் எங்கிருந்து வந்தார்கள், எகிப்தா, மத்தியதரைக் கடலா, ஆஸ்திரேலியப் பழங்குடியின் உறவா என்று பல பத்தாண்டுகள் பேச்சு ஓடியது. ஒரு தெருவில் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க எப்படி இருப்பார்கள் என்று எழுதினால் என்னாகுமோ அதுதான் ஆயிற்று.

கென்னடி இந்தப் பள்ளியில்தான் பாடம் படித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1930இல் கலிபோர்னியாவில் பிறந்து பெர்க்லியில் படித்தவர். அவருடைய ஆசிரியர் தியடோர் மெக்கவுன், பாலஸ்தீனத்தின் கார்மல் மலைக் குகைகளில் கிடைத்த ஆதி மனித எலும்புகளை ஆர்தர் கீத்துடன் சேர்ந்து ஆராய்ந்தவர். 1962இல் கென்னடி முனைவர் பட்டம் வாங்கியது இலங்கையின் பலாங்கொடை மனிதர்களுக்கும் இன்றைய வேடர்களுக்கும் உள்ள உடலியல் தொடர்ச்சியைப் பற்றி. 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 2005இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 2014இல் இறந்தார். ஊர் மாறவில்லை, கல்லூரி மாறவில்லை, ஆராய்ந்த நிலப்பரப்பும் மாறவில்லை. மாறியது கேள்வி.

அந்த மாற்றம் மெதுவாக, ஒவ்வொரு புதைகுழியாக நடந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருங்கற்கால ஈமக்குழிகளில் கிடைத்த எலும்புகளைப் பற்றி 1975இல் அவர் ஒரு தனிநூல் எழுதினார். கல்வட்டமும் தாழியும் அமைத்தவர்கள் எல்லாரும் ஒரே இனத்தார், எங்கிருந்தோ கூட்டமாக வந்து இறங்கியவர்கள் என்ற கருத்துக்கு எலும்பில் ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். ஒரே மாதிரி புதைக்கிறவர்கள் ஒரே மாதிரி மண்டையோடு வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பேச்சு அன்று பலருக்குக் கசந்தது.

அடுத்தது மொகஞ்சதாரோ. தெருவிலும் வீட்டிலும் தாறுமாறாகக் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ஆரியப் படையெடுப்பில் நடந்த படுகொலை இது என்று 1947இல் எழுதினார். பாடப்புத்தகம்வரை போன கதை. 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற தொல்லியலாளர் அந்தப் படுகொலையே கட்டுக்கதை என்றார். எலும்புகள் ஒரே அடுக்கில், ஒரே காலத்தில் கிடக்கவில்லை என்பது அவர் வாதம். கென்னடி எலும்புகளையே கையிலெடுத்துப் பார்த்தார். வாள்வெட்டு என்று நினைக்கப்பட்ட பல தழும்புகள் மண்ணுக்குள் கிடந்து அரித்ததால் வந்தவை என்பது தெரிந்தது. உயிரோடிருக்கும்போது விழும் வெட்டின் விளிம்பும், காய்ந்த எலும்பு உடையும் விளிம்பும் வேறு வேறு. பச்சைக் கொம்பை ஒடிப்பதற்கும் காய்ந்த சுள்ளியை ஒடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கார்னெலில் வகுப்பெடுத்துக்கொண்டே தடயவியல் வழக்குகளிலும் வேலை செய்தவர் என்பதால் அவருக்கு அந்தக் கண் இருந்தது. கோபாலகிருஷ்ணன்கள் கேட்கும் கேள்வியைக் கொண்டுபோய் நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய எலும்பிடம் கேட்டார் என்று சொல்லலாம்.

ஆனால் கென்னடியின் பெயரை இந்தக் கட்டுரை தேடிப் போனதற்குக் காரணம் ஒரு முழங்கை.

கங்கைச் சமவெளியில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில், சராய் நாஹர் ராய், மஹதாஹா என்று இரண்டு இடைக்கற்கால இடங்கள். அலகாபாத் பல்கலைக்கழகத்தார் தோண்டியவை. வேட்டையாடிப் பிழைத்த, ஆஜானுபாகுவான மனிதர்களின் எலும்புக்கூடுகள் அங்கே கிடைத்தன. அவர்களுடைய முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல்முனையில், முழங்கை மூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு முகடும் அதை ஒட்டி ஒரு குழியும் சாதாரணத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தன. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பும் தசை பற்றிக்கொள்கிற இடம் அது. ஈட்டி எறிவது போன்ற அசைவைச் சின்ன வயதிலிருந்தே செய்துவந்த கை என்று 1983இல் கென்னடி எழுதினார். ஆறு வருடம் கழித்து, தான் இணைப் பதிப்பாசிரியராக இருந்த ஒரு நூலில், உலகம் முழுக்கத் தொழில் எலும்பில் விட்ட அடையாளங்களை எல்லாம் திரட்டிப் பெரிய பட்டியலே போட்டார். தையற்காரர், செருப்பு தைப்பவர், படகு வலிப்பவர், மூட்டை தூக்குபவர். உன் சாதி என்ன, இனம் என்ன என்று காலிப்பரோடு வந்து நின்ற துறை, உனக்கு என்ன வேலை என்று கேட்கத் தொடங்கியது.

எலும்பு எப்படிக் குறித்துக்கொள்கிறது? பலரும் எலும்பைக் கல் மாதிரி, கட்டடத்துக் கம்பி மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ள திசு. ஒருவகை உயிரணுக்கள் ஓயாமல் அரித்துத் தின்ன, இன்னொரு வகை உயிரணுக்கள் ஓயாமல் பூசிக் கட்டுகின்றன. எங்கே சுமை விழுகிறதோ அங்கே பூச்சு கூடும். சுமை இல்லாத இடத்தில் அரிப்பு மிஞ்சும். பெர்லின் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாக எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து 1977இல் வெளியான ஆய்வு ஒன்று, மட்டை பிடிக்கும் கையில் எலும்பின் புறப்பகுதி மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதம் தடித்திருந்ததாகக் கண்டது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வயது. வேலை மட்டும் வேறு.

இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்த மனிதர்கள் பலருக்குத் தோள்பட்டை எலும்பின் முனை, இளவயதில் ஒட்ட வேண்டியது ஒட்டாமலே நின்றிருந்தது. சிறுவயதிலிருந்து கனத்த நெடுவில்லை இழுத்த வில்லாளிகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குளிர்ந்த கடலில் ஓயாமல் மூழ்குகிறவர்களுக்குக் காதுத் துளையில் எலும்பு முடிச்சு வளரும். இதைக் காசிமேட்டில் தேடினால் ஏமாற்றம்தான்; நம் கடல் அதற்குப் போதுமான குளிர் கிடையாது.

நம் ஊருக்கு வேறு அடையாளங்கள். தலைச்சுமைக்காரர்களின் கழுத்து முள்ளெலும்புகள் வயதுக்கு முந்தித் தேய்ந்து முள் கட்டுவதை ஆப்பிரிக்காவில் கவனித்த ஒரு மருத்துவர், 1968இல் அதற்கு ‘போர்ட்டர் கழுத்து’ என்றே பெயர் வைத்து எழுதினார். சும்மாட்டின் மேல் கூடை ஏறும்போது, அந்தப் பாரம் நேராகக் கழுத்தின் ஏழு சிறு எலும்புகள் வழியாக இறங்குகிறது. தலையை மட்டும் தாங்குவதற்கு என்று அமைந்த எலும்புகள் அவை.

அரிவாள்மனைக்காரருடைய அடையாளம் இன்னும் நுணுக்கமானது. குந்தும்போது கணுக்கால் முழுக்க மடங்குகிறது. கால்முன்னெலும்பின் கீழ்விளிம்பு, பாதத்தின் தாலஸ் எலும்பின் கழுத்தோடு போய் முட்டுகிறது. வருடக்கணக்கில் முட்ட முட்ட, இரண்டிலும் பட்டாணி அளவில் வழவழப்பான ஒரு சிறு பரப்பு உருவாகிறது. நாற்காலியிலேயே வாழ்ந்தவர்களிடம் இது அரிது. லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹாவ்லாக் சார்லஸ், பஞ்சாபிகளின் கால் எலும்புகளில் இதைப் பார்த்து 1893இல் எழுதினார். குந்திக்கோ என்று வடசென்னையில் ஒருவர் இன்னொருவரை உபசரிக்கும்போதெல்லாம் அந்தப் பரப்பில் இன்னொரு கோட் பாலிஷ் ஏறுகிறது.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு கடிவாளமும் போட வேண்டும். எலும்பைப் பார்த்துத் தொழிலைச் சொல்வது ஜோசியமாகிவிடும் அபாயம் உண்டு. கென்னடியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் அப்படித்தான் ஆடினார்கள். முகடு பெரிதாக இருந்தால் வில்லாளி, விளிம்பு தேய்ந்திருந்தால் படகோட்டி. சரியா என்று சோதிக்க, இறந்தவரின் தொழில் ஏற்கெனவே தெரிந்த எலும்புகள் வேண்டும். போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் அப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், பெயர், வயது, தொழில் விவரத்தோடு இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்ததில், தசைநாண் பற்றும் இடங்களில் வரும் மாற்றத்துக்குத் தொழிலைவிட வயதுதான் பெரிய காரணம் என்று தெரியவந்தது. அறுபது வயது குமாஸ்தாவின் எலும்பும் இருபத்தைந்து வயது மூட்டைக்காரரின் எலும்பும் பக்கத்தில் இருந்தால், குமாஸ்தாவே உழைப்பாளி மாதிரித் தெரிவார். எனவே இப்போது யாரும் ஒரு முகட்டை வைத்து ஒரு தொழிலைச் சொல்வதில்லை. வயதைக் கழித்துவிட்டு, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வேறுபாடு, எலும்புத்தண்டின் குறுக்குவெட்டு வடிவம் இவையெல்லாம் முகட்டைவிட நம்பகமான சாட்சிகள்.

பசிக்குச் சாட்சி சொல்ல எலும்பைவிடப் பல்தான் நேர்மையானது. குழந்தைப் பருவத்தில் நிலைப்பல்லின் எனாமல் அடுக்கடுக்காகப் படிகிறது. கடும் பட்டினியோ நீண்ட காய்ச்சலோ வந்தால் படிவது தடைபடும். பல்லில் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். எலும்பு தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும், எனாமலுக்கு அந்த வசதி இல்லை. நான்கு வயதில் விழுந்த கோடு, நாற்பது வயதிலும் அங்கேயே இருக்கும். மகாராஷ்டிரத்தின் இனாம்காவ்ன் குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் டெக்கான் கல்லூரியின் சுபாஷ் வாலிம்பேயும் அமெரிக்கரான ஜான் லுகாக்ஸும் ஆராய்ந்தபோது, மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய கஷ்டகாலம் அவற்றில் தெரிந்தது.

வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைப்பதுண்டு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் பிழைத்தவர்கள் வாயில் அந்தக் கோட்டோடுதான் வளர்ந்திருப்பார்கள்.

சாட்சி சொல்ல எலும்பே மிஞ்சாத இடங்களும் உண்டு. எண்ணூர் கழிமுகத்துக்கு வருகிற கொசஸ்தலை ஆற்றின் படுகையில், மேற்கே அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் கண்டறிந்த இடம். சாந்தி பப்பு குழுவினர் அங்கே எடுத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருடப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். கல்லைக் கொத்திய கையின் வலு அந்தக் கோடரிகளில் தெரிகிறது, கையெலும்பு இல்லை. நனைந்து காய்ந்து நனைகிற வெப்பமண்டல மண்ணில் எலும்பின் சுண்ணாம்பு கரைந்து போய்விடும். இந்தியாவில் அவ்வளவு பழைய மனித எலும்பு அபூர்வம். நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சோனாகியா எடுத்த மண்டையோட்டுப் பகுதிதான் பெரிய பெயர். அதை நேரில் ஆராய்ந்து 1991இல் எழுதியவர்களில் கென்னடியும் ஒருவர்.

2025இல் கீழடியின் ஈமக்காடான கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வழியே முகம் கொடுத்தார்கள். படம் வந்த அன்றே டீக்கடையிலிருந்து டிவி விவாதம்வரை எழுந்த கேள்வி, இவர் எந்த இனம்? தர்ஸ்டனின் காலிப்பர் இன்னும் துருப்பிடிக்கவில்லை. அந்த இருவரும் என்ன சுமந்தார்கள், எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. மண்டையோட்டுக்குக் கிடைக்கிற மரியாதை கணுக்காலுக்குக் கிடைப்பதில்லை.

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தபிறகு, கொக்கி போட்டு மூட்டை இழுத்த தோள்களுக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று. அதற்கு முன், துறைமுகமே இல்லாத காலத்தில், கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய எலும்புகளை வைத்துக் கோயிம்ப்ரா மாதிரி ஒரு தொகுப்பு அமைக்க வழியில்லை. பலர் எரிந்து சாம்பலானார்கள். புதைத்த இடங்களிலும் குழியின் மேல் குழி.

மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்பு எங்கிருந்து வந்தது என்பதும் இதே கதையின் ஒரு பக்கம்தான். 1985இல் தடை வரும்வரை உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் தொட்டுப் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தாவிலிருந்து, கப்பலேறியது. யாருமற்ற ஏழைகளின் எலும்புகள் அவை.

மருத்துவக் கல்லூரி விடுதிகளில் ‘போன் செட்’ கைமாறுவது பழைய வழக்கம். சீனியர் முதல் வருட ஜூனியருக்கு விற்பார், ஜூனியர் அடுத்த வருடம் வருகிறவருக்கு. அட்டைப் பெட்டியைத் திறந்தால் மஞ்சளேறிய தாலஸ் ஒன்று இருக்கும். அதன் கழுத்தில் பட்டாணி அளவில் பளபளப்பு இருந்தால், வைவாவில் அதைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். குந்துவதால் வருவது என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. எலும்பின் மறுபக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருக்கும். அது போன வருடத்து சீனியருடையது.